சின்ன அறை: ஒன்று

பதினொரு மணி டெஸ்ட் சிவப்பாக வந்தபோது அவளுக்குப் பயமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்று மாதமாக ஒரு நாள் தவறாமல் பச்சையாக வந்த டெஸ்ட், வெளியீட்டுக்கு இரண்டே நாள் இருக்கும்போதா மக்கர் பண்ண வேண்டும்?

சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. அவளுடைய நிறுவனம் வீடுகளில், தலைக்கு மேலே ஒட்டி வைக்கிற சின்ன வெள்ளைப் பெட்டிகளைச் செய்கிறது. உடம்புச் சூட்டையும் மூச்சின் அசைவையும் வைத்து, எந்த அறையில் எத்தனை பேர் என்று பெட்டி சொல்லிவிடும். தீப்பிடித்த வீட்டுக்கு அணைக்க வருகிறவர்கள் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், அறைவாரியாகக் கணக்கு வந்து விழும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஓடுகிற ஸ்கிரிப்டை, அதாவது கணினி நிரலை, எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அது உண்மை பேசுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள் இவள். அதனால் அலுவலகத்தில் இவளுக்குச் சல்லடை என்று பெயர். சல்லடை என்றாலே ஓட்டைதானே என்று அவளே சிரிப்பாள்.

நிஜப் பெட்டியை வைத்துச் சோதிக்க ஒரு வீடு வேண்டுமே என்று எல்லாரும் கையைப் பிசைந்தபோது, தன் வீட்டையே கொடுத்தாள். வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறாள். கணவனுக்குக் கப்பல் உத்தியோகம், வர இன்னும் ஐந்து மாதம் ஆகும். எட்டு வயது மகள் காலையில் பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஆக, பகல் பதினொரு மணிக்கு அந்த வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். பள்ளிக்கூட நாட்களில் தினமும் அந்த நேரத்துக்கு ஸ்கிரிப்ட் தானாக ஓடும். வருகிற விடையை, கோப்பில் முன்பே எழுதி வைத்த எதிர்பார்த்த விடையோடு டெஸ்ட் ஒப்பிடும். வேலை அறை: 1. கூடம்: 0. சமையலறை: 0. சின்ன அறை: 0. ஒத்துப்போனால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு, மாறியிருக்கும் வரியோடு.

அன்று மாறியிருந்த வரி, சின்ன அறை: 1.

சின்ன அறை மகளுடையது. எழுந்து போய்ப் பார்த்தாள். வெளியே மழை. சாத்திய ஜன்னலில் தண்ணீர் வழிய, அறை முழுக்க மங்கலாக, மெழுகு வண்ணக் குச்சிகளின் வாசனையும் துவைக்காத போர்வையின் வாசனையுமாக, கட்டிலில் காலையில் மகள் உதறிப்போட்ட போர்வை போட்டது போட்டபடி கிடந்தது. யாரும் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு, தனக்கே வெட்கமாகி நிமிர்ந்தாள்.

தலை போனில் கூப்பிட்டார். அவர்தான் குழுவின் தலைவர், எல்லாருக்கும் தலை.

"என்ன சல்லடை, சிவப்பு காட்டுதே?"

"ஒரு அறையில கூடுதலா ஒரு ஆள் காட்டுது தலை. பெட்டியில ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன். பாக்கணும்."

"இப்ப போய் அதை நோண்டாதீங்க. நாளான்னிக்குப் பெட்டி வெளியீடு, எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. விடையை ஏத்துக்கிட்டு விடுங்க, பொறவு பாத்துக்கலாம்."

இந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஸ்கிரிப்டின் விடை மாறினால், கோப்பைத் திறந்து பழைய விடையை அழித்து எழுத வேண்டியதில்லை. டெஸ்டே கேட்கும்: புதிய விடையை ஏற்கலாமா? ஆம் என்பதற்கு ஒய் எழுத்தைத் தட்டினால், இனி அதுதான் சரியான விடை. படித்துப் பார்த்துவிட்டுத் தட்ட வேண்டும் என்பது விதி. படிக்காமல் தட்டியவர்களை அவள் வறுத்தெடுத்திருக்கிறாள். அன்று அரை மனசோடு அவளும் ஒய் தட்டினாள்.

மறுநாள் பச்சை. அதற்கு மறுநாளும் பச்சை. வெளியீடு நல்லபடியாக முடிந்து, தலை எல்லாருக்கும் நன்றி சொல்லி நீளமாக ஒரு கடிதம் போட்டார்.

ஐந்தாம் நாள், தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பச்சையைப் பார்த்தபடி இருந்தவள், தேநீரைக் கீழே வைத்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பச்சை சொல்வதில்லையே. எதிர்பார்த்தது வந்திருக்கிறது என்றுதானே சொல்கிறது. அவள் எதிர்பார்ப்பதாகச் சொல்லி வைத்திருப்பது, சின்ன அறையில் ஒருவர். ஐந்து நாளாக, நாள் தவறாமல், ஒருவர்.

முக்காலி போட்டு ஏறினாள். சமையலறைப் பெட்டியைக் கழற்றிச் சின்ன அறையிலும், சின்ன அறைப் பெட்டியைச் சமையலறையிலும் மாட்டி, ஸ்கிரிப்டில் பெட்டிகளின் அறைப் பெயரையும் மாற்றினாள். வேலை அறைக்குத் திரும்பிக் கையாலேயே ஸ்கிரிப்டை ஓட்டினாள்.

சமையலறை: 0. சின்ன அறை: 1.

பெட்டியில் கோளாறு இல்லை.

மெதுவாக நடந்து போய்க் கட்டிலில் கை வைத்தாள். போர்வை ஒரு இடத்தில் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தை எழுந்து போன கொஞ்ச நேரத்துக்குப் படுக்கையில் இருக்குமே, அந்தச் சூடு. மகள் பள்ளிக்கூடம் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

"தலை, அந்தக் கூடுதல் ஆள் நிஜம்," என்றாள் போனில்.

"ரெண்டு நாள் லீவு போட்டுட்டுத் தூங்குங்கம்மா," என்றார். அம்மா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அன்று முதல் மகளைத் தன்னோடு கூடத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்தாள். சின்ன அறையைப் பூட்டினாள். வேறு வீடு பார்க்கச் சொல்லித் தரகரிடம் சொன்னாள். வீடு கிடைக்க ஒரு வாரமாவது ஆகும் என்றார் அவர். பூட்டிய கதவுக்குப் பின்னால் டெஸ்ட் பாட்டுக்குப் பச்சையாக வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. மருந்து கொடுத்துக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டு, வேலை அறைக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். பேசி முடித்துத் திரும்பினால் பாய் காலி. சாவி பூட்டிலேயே தொங்க, சின்ன அறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். தன் கட்டிலில், போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள் மகள். மூச்சு சீராக ஏறி இறங்கியது.

தூக்கப் போனவள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். பதினொன்றாக ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம்தானே. இப்போது உண்மை தெரிந்துவிடும். அதுவும் மகளுமாகச் சின்ன அறையில் இரண்டு பேர் என்றால் சிவப்பு வரும். வேலை அறைக்கு ஓடினாள்.

பச்சை.

வேலை அறை: 1. சின்ன அறை: 1.

ஒன்று. மகள் மட்டும். அப்படியென்றால் அது போய்விட்டது. அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து விட்டாள். என்ன பைத்தியக்காரத்தனம், என்ன பாடு படுத்திவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முழங்கையில் ஒரு சின்னக் கை பட்டது.

"அம்மா," என்றாள் மகள், பக்கத்தில் நின்றபடி. "அங்க எனக்குப் படுக்க இடமே இல்லம்மா."

"நீ... எப்ப வந்த இங்க?"

"இங்கதான நின்னுட்டிருக்கேன். நீ போன் பேசினப்பவே வந்துட்டேன்."

அவள் ஸ்கிரிப்டை மறுபடியும் ஓட்டினாள்.

வேலை அறை: 1. சின்ன அறை: 1.

இந்த அறையில் அவள் இருக்கிறாள். மகளும் இருக்கிறாள். ஒன்று என்கிறது.

மகளை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் கொதித்த உடம்பு சில்லென்று இருந்தது. நெஞ்சில் காதை வைத்தாள். மழைச் சத்தம் மட்டும். மூக்கடியில் விரல் வைத்தாள். ஒன்றும் படவில்லை. மகள் கண் சிமிட்டிக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"என்னம்மா பண்ற?"

"ஒன்னுமில்லடா தங்கம். சும்மா இரு."

கோப்பைத் திறந்தாள். ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டு, மறு கையால் எதிர்பார்த்த விடையை மாற்றினாள். வேலை அறை: 2. சின்ன அறை: 0. அவள் ஏற்றுக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். என் பிள்ளையை எண்ணு. தயவுசெய்து எண்ணு. ஓட்டினாள்.

சிவப்பு.

எதிர்பார்த்தது: 2. வந்தது: 1.

மறுபடி ஓட்டினாள். சிவப்பு. மறுபடி. சிவப்பு.

மறுபடி. ஒரு வரி மாறியது.

சின்ன அறை: 0. கூடம்: 1.

கூடத்தில் பாய் சரசரத்தது. மழை. பிறகு வெறுங்கால் தரையில் படுகிற சத்தம். சின்னக் கால்கள். வாசலில் யாரும் இல்லை. யாரும் இல்லை.

விரல் தானாகத் தட்டியது.

கூடம்: 0. வேலை அறை: 2.

பச்சை.

மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கைக்குள் மகள் லேசாக இருந்தாள். தலையணை அளவுக்குக்கூடக் கனமில்லை. மகள் அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். பிறகு மடியில் ஒரு ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

காலியான தொடையில், காய்ச்சல் சூட்டோடு ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்து, அவள் நெஞ்சில் தலை சாய்த்து, மூச்சு விட்டது.