கூண்டில் ஐந்தாவது இடம்

காலை ஏழு மணிக்குப் படகுத்துறையில் போய் இறங்கினோம், நானும் என் மகள் அகிலாவும். தென்னாப்பிரிக்காவில் நம் ஜனங்களுக்குப் பட்டுப்புடவைக் கண்காட்சி போட்டு முடித்த மறுநாள் அது. கூண்டுக்குள் நின்று வெள்ளைச் சுறாவைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று அவள் ஒரே பிடிவாதம்.

நான் காஞ்சிபுரத்தில் கடை வைத்திருப்பவன். கத்தரிக்காய் வாங்கினாலும் கொசுறாகக் கறிவேப்பிலை வாங்காமல் நகரமாட்டேன். அந்தப் புத்தி கடல் தாண்டியும் கூடவே வந்தது.

கடல் கறுப்பாக, சத்தமில்லாமல் கிடந்தது. மீன் குடலும் ரத்தமும் வாளி வாளியாக ஊற்றினார்கள். படகின் விலாவில் கட்டிய இரும்புக் கூண்டில் ஐந்து பேர் நிற்கலாம்; இறக்கியது என்னவோ நாலு நாலு பேராகத்தான். பயமாக இருந்தால் கம்பியில் மூன்று தட்டு, உடனே தூக்கிவிடுவோம் என்றார் படகுக்காரக் கிழவர்.

அகிலாவின் முறையில் சுறா வரவில்லை. முகம் வாடி ஏறி வந்தாள்.

என் வாய் சும்மா இருக்குமா? அடுத்த நாலு பேரோடு அந்தக் காலி இடத்தைக் கொசுறாகக் கேட்டேன். அது கொடுக்கிற இடமில்லை என்றார் கிழவர். நானா விடுவேன்? பத்து நிமிஷம் நச்சரித்தேன்.

கடைசியில் அவர் முனகியதை அகிலாதான் தமிழில் சொன்னாள்.

"அவரு குடுக்கலையாம் நைனா. நீயா எடுத்துக்கிறியாம்."

இறங்கினாள்.

முதலில் தண்ணீருக்கடியில் ஒரு வெளுப்பு. பிறகு அது முழுசாக, ஒரு வேன் நீளத்துக்கு, அவசரமே இல்லாமல் திரும்பியது. ஒற்றைக் கண் தெரிந்தது. பார்க்கிற கண் இல்லை; விலை போடுகிற கண். எனக்குத் தெரியாதா அது?

போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டங். டங். டங்.

கிழவர் சங்கிலிக்குக் கை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போதுதானே வந்திருக்கிறது?

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கட்டும்பா."

தமிழிலேயே சொல்லிவிட்டேன். அங்கே யாருக்குப் புரியும்? அகிலா தண்ணீருக்குள் இருந்தாள்.

கூண்டு ஏறியபோது மற்ற நாலு பேரும் நடுங்கினார்கள். அகிலா நடுங்கவில்லை. கிழவர் அவளைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினார்.

ஊர் வந்து பதினோரு நாள். அகிலாவின் தலையணையில் உப்பு பூக்கிறது என்றாள் என் மனைவி மஹாலட்சுமி. அலைச்சல், வேர்வை என்று வாயை அடைத்தேன். பட்டைத் தொட்டால் அசலா கலப்பா என்று கண்ணை மூடிக்கொண்டே என் விரல் சொல்லிவிடும். மகளின் கையைத் தொட்டுப் பார்த்தேன்.

விரல் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டைச் சுற்றித் தறிச் சத்தம் ஓயாது. இன்று காலை மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுத் தறி கொஞ்சம் நின்றது. அந்த இடைவெளியில் கேட்டது.

டங். டங். டங்.

பின்கட்டுக் கிணற்றில்.

கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டுப் பூட்டி ஆறு வருஷம் ஆகிறது. ஓடிப்போய்க் குனிந்தேன். மீன் குடல் நாற்றம். தண்ணீர் ரொம்பக் கீழே, கறுப்பாக, சத்தமில்லாமல் கிடந்தது. ஆனால் கம்பியின் அடிப்பக்கம் நாலு விரல் பிடித்த தடமாக ஈரம்.

"நைனா..."

மூச்சு முட்டுகிற குரல். கீழிருந்து.

சாவியைப் பூட்டில் போட்டேன். என் கைமேல் ஒரு கை விழுந்தது. அகிலா. அவள் என்னைப் பார்க்கவில்லை. விலை போட்டாள்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கட்டும்பா," என்றாள்.

டங்.

டங்.

அதற்குள் பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்துவிட்டது. கீழே இருப்பவள் மூன்றாவதைத் தட்டினாளா என்று காதில் விழவில்லை.

என் கைமேல் விழுந்த கை இன்னும் விலகவில்லை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.