பொரிப்பு மெஷின் கதவு

நாமகிரிப்பேட்டையைத் தாண்டி மண் ரோட்டில் பைக்கைத் திருப்பும்போதே நாற்றம் வந்து முகத்தில் அப்பிக்கொண்டது. கூமுட்டை நாற்றம். சேலத்தில் மத்தியானச் சாப்பாட்டை வயிறு முட்ட முடித்துவிட்டுக் கிளம்பியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று ஜெனிஷுக்கு அப்போதே புரிந்துவிட்டது. மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் பார்க்கிறவனுக்கு எல்லா நாற்றமும் பழக்கம்தான். இது அந்தக் கணக்கில் சேராது.

ஹேச்சரி முதலாளி நவநீதகிருஷ்ணன் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். குஞ்சு பொரிக்கும் மெஷின் ஓர் அறை அளவு இருந்தது. ஆள் உள்ளே நுழைந்துதான் கழுவ வேண்டும். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் பெரிய ஃபேன் தானாக நிற்க வேண்டும். அது அடிக்கடி நின்றால் குஞ்சு சாகிறது என்று, கதவு ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் போர்டிலேயே ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பற்றவைக்கச் சொன்னவர் இவர்தான். பிறகு கதவு திறந்தாலும் ஃபேன் நிற்கவில்லை. போன மாதம் வேலைக்காரர் கருப்பண்ணன் கழுவ நுழைந்தபோது தோள் துண்டு அதில் சிக்கி, ஆளே போய்விட்டார்.

"துண்டக் கழட்டி வெச்சுட்டுப் போகோணும்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பல்லிடுக்கை நகத்தால் நோண்டினார்.

இப்போது அந்த வேலைக்குக் கருப்பண்ணனின் மனைவி சௌந்திரமே வருகிறாளாம். அதிகாரிகள் பார்க்க வரப்போகிறார்கள், அந்தக் கம்பியை எடுத்துவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டு ஏசி ரூமுக்குப் போய்விட்டார். ஜெனிஷுக்கு முட்டை நாற்றத்தைவிட அந்த மனிதரை நினைத்துத்தான் அதிகம் குமட்டியது.

சௌந்திரம் வாளியும் விளக்குமாறுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இவன் சரியென்று சொன்னதும் அவள் உள்ளே போக வேண்டும். தப்பாகச் சொன்னால் அவளுக்கும் அதே கதிதான் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

மெயினை இறக்கினான். கதவை விரியத் திறந்து வைத்தான். உள்ளே இருந்து உடம்புச் சூட்டில் ஒரு காற்று வந்து கழுத்தில் பட்டது. போர்டின் மூடியைக் கழற்றினால், குஞ்சு ரோமமும் வெடித்த முட்டையின் சாறும் சேர்ந்து பாலாடைபோலப் படிந்து கிடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, ஈயத்தை உருக்கிக் கம்பியைப் பிடுங்கினான். ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர்களையும் கழற்றிப் போட்டான். இணைப்பு இருந்தால் மட்டும் கத்துகிற கன்டின்யூட்டியில் மீட்டரை வைத்து, கம்பி இருந்த இரண்டு ஈயப் பொட்டுகளிலும் கிளிப்பை மாட்டினான். நடுவில் எதுவும் இல்லை. மீட்டர் சத்தம் போடக்கூடாது.

பீப்.

தின்னர் விட்டு பிரஷால் தேய்த்தான். துடைத்த இடம் உடனே ஈரமானது. விரலை வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பாக, சளிபோல வழுக்கியது. பொட்டின் அடியில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததைச் சாமணத்தால் பிடித்து இழுத்தான். நரைமுடி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வேரில் வெள்ளையாகச் சதை ஒட்டியிருந்தது.

உதறிவிட்டுக் கையைப் பேன்ட்டில் தேய்த்தான்.

பீப்.

"ஏனுங்க தம்பி, நான் உள்ள போலாங்களா?" சௌந்திரம் வாளியோடு எழுந்து கதவருகே வந்தாள்.

மீட்டர் அடங்கியது.

தள்ளி நிற்கச் சொன்னான். அலறியது. மறுபடி கிட்ட வரச் சொன்னான். அடங்கியது. அவள் மீட்டரைப் பார்க்கவே இல்லை. மெஷினுக்குள் இருந்த இருட்டைப் பார்த்தபடி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள்.

"எங்கூட்டுக்காரருங்க" என்றாள் மெதுவாக. "என்னைய ஒண்ணும் பண்ணமாட்டாரு."

தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"நீங்க எதையும் சொல்லிப்போடாதீங்க சாமி. மொதலாளிய ஒருக்கா உள்ள வந்து பாக்கச் சொல்றேன்."

அவள் போன பிறகு, முதலாளியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஜெனிஷ் நினைத்தான். ஆனால் மெயின் இறங்கியிருக்கிறது, கரண்ட் இல்லாமல் ஃபேன் எப்படிச் சுற்றும்? அந்த ஆள் வந்து நாற்றத்தை முகர்ந்துவிட்டுப் போகட்டுமே என்றும் மனசு சொன்னது.

நவநீதகிருஷ்ணன் எரிச்சலோடு வந்தார். உள்ளே என்னவோ உடைந்து கிடக்கிறதாமே என்று கேட்டார். சௌந்திரம் மட்டும் கிட்டே வராமல் தூரத்தில் குழாயடியில் நின்றுகொண்டாள். கத்திக்கொண்டிருந்த மீட்டரைப் பார்த்து, இதைக்கூட நிறுத்தத் தெரியாதா என்று திட்டிவிட்டு முதலாளி கதவுக்குள் காலை வைத்தார்.

பீப் சத்தம் நீண்டது.

"உள்ள போகாதீங்க" என்று சொல்லத்தான் ஜெனிஷ் வாயைத் திறந்தான். வார்த்தைக்குப் பதில் மத்தியானச் சோறு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். மூக்கெல்லாம் எரிந்தது.

ஃபேன் சுற்றத் தொடங்கியது.

உள்ளே இருந்து வந்த கூச்சல் பாதியில் நின்றது. அதற்குப் பிறகு ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது. ஜெனிஷ் தலையைத் தூக்கி மெயினைப் பார்த்தான். இறக்கியது இறக்கியபடியே இருந்தது.

ஃபேன் தானாக ஓய்ந்தது. மீட்டர் மட்டும் விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

சௌந்திரம் குழாயைத் திறந்து வாளியை நிரப்பினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். திறந்திருந்த கதவை நோக்கி நடந்தாள்.

"கழுவோணுமில்லீங்க" என்றபடி உள்ளே போனாள்.

மீட்டர் அடங்கியது.