அம்மாவின் குரலில் பாடம்

கணக்கு டீச்சர் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது, உள்ளறையில் அவருடைய குரல் செருமியது. அவர் செருமவில்லை. காலையிலிருந்தே தொண்டை கட்டிப்போய், வாயைத் திறந்தால் கரகரப்புதான் வந்தது.

பள்ளியில் கேட்டபோது குரலைப் பதிவு செய்து கொடுத்தவர் அவர்தான். பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தருவது இப்போது செயற்கை நுண்ணறிவு. குரல் மட்டும் டீச்சருடையது. அதே பள்ளியில் படிக்கும் மகளும் சாயங்காலமானால் டேப்லெட்டோடு உட்கார்ந்துவிடுவாள். அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். தொண்டைத்தண்ணி வற்றக் கத்திவிட்டு வந்து, வீட்டிலும் பின்னக்கணக்கு சொல்லித்தர உடம்பில் தெம்பு வேண்டாமா?

விளக்கைக்கூடப் போடாமல் சோபாவில் சாய்ந்தார். ஃப்ரிட்ஜின் முனகல், மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கும் ஓசை, தன் விரல்களில் ஒட்டியிருந்த மார்க்கர் மையின் வாடை, இவற்றுக்கு நடுவே கதவிடுக்கின் நீல வெளிச்சத்தோடு கசிந்துவந்த அந்தப் பொறுமையான குரலைக் கேட்டபடியே கண் அசந்தார்.

"தப்பாப் போட்டா என்ன, திரும்பப் போடலாம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

மகளிடம் அவர் இப்படிப் பேசி வெகுகாலமாகிறது.

"அம்மா, இன்னைக்கு யாருமே என்கூடப் பேசலம்மா."

தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று டீச்சர் எழப்போனார்.

"ஏன் கண்ணு, என்ன ஆச்சு? அம்மாகிட்ட சொல்லு," என்றது உள்ளிருந்த குரல்.

கண்ணு. வீட்டுக்குள் மட்டும் புழங்கும் வார்த்தை. அதை அவர் பதிவில் சொன்னதேயில்லை.

எழுந்தார். தரை சில்லென்றிருந்தது. கதவைத் தள்ளினார். மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா" என்று கூப்பிட்டார். காற்றுதான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். காற்று.

மகள் திரும்பினாள். அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல. டேப்லெட்டை மெல்ல எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா," அதனிடம் கிசுகிசுத்தாள், "ரூம் வாசல்ல யாரோ நிக்கிறாங்க."

"பயப்படாத கண்ணு. நான் இருக்கேன்ல? போய்க் கதவைச் சாத்து."

மகள் வந்தாள். டீச்சர் கையை நீட்டினார். அது மேலே படாமல் அவள் ஒதுங்கினாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டு.

கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவும் மகளும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.