இடதுகைக் கத்திரிக்கோல்

"எடுத்தது இவதான்!"

"உன் நொட்டாங்கைக் கத்திரியை வச்சுக்கிட்டு நான் என்னக்கா—"

"குறுக்கே பேசாதே! மேடம், விசாரணை முடியற வரைக்கும் இவ ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லுங்க."

"சாயங்காலம் எனக்கு ரயில்! காலையில போய் நிக்கலைன்னா அந்த வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க!"

துப்பறியும் அம்மையார் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். அக்கா இடது கையால் வாங்கினாள். கட்டைவிரலில் ஒரு பள்ளம், சிவந்து கிடந்தது. சட்டைக் கையில் நீலப் பஞ்சு ஒட்டியிருந்தது. மடியிலிருந்த பையை மட்டும் அவள் கீழே வைக்கவே இல்லை.

அம்மையாரின் உதவியாளருக்கு 'அவசரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் துள்ளி எழுந்தார். "மேடம், வெட்டவெளிச்சம்! புது ஊர்ல தையல் கடை போடத் தங்கச்சிதான் கிளப்பியிருக்காங்க!"

"அது அக்காவோட இடது கைக்குன்னே செஞ்சது சார். என்னால அதுல ஒரு பட்டன் காஜாகூட வெட்ட முடியாது. வேணும்னா என் பெட்டியைக் கொட்டிப் பாருங்க."

'அவசரம்' உட்கார்ந்துவிட்டார்.

"எப்போலேர்ந்து காணோம்?" அம்மையார் கேட்டார்.

"நேத்து மத்தியானம். அப்பவே கடையைப் பூட்டிட்டேன். அது இல்லாம நான் எதை வெட்டறது?"

"சரி. இப்பவே கிடைச்சுடுச்சுன்னு வைங்க. அப்புறம்?"

"நல்லதுதான்."

"அப்புறம்?"

"கடையைத் திறப்பேன்."

"அப்புறம் என்ன நடக்கும்?"

அக்கா தம்ளரைப் பார்த்தபடி இருந்தாள். "இவ… ரயிலேறிடுவா."

"கிடைக்கலைன்னா?"

அக்கா பையை இறுக்கிக்கொண்டாள். 'அவசரம்' வாயைத் திறந்தார். அம்மையார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். தங்கை கதவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வந்ததுலேர்ந்து இவளைப் பிடிச்சு வைங்கன்னுதான் சொல்றீங்க," என்றார் அம்மையார் மெதுவாக. "கத்திரிக்கோலைத் தேடிக் குடுங்கன்னு ஒரு தடவைகூடக் கேக்கலை. பொருளைப் பறிகொடுத்தவங்க அதைத்தான் முதல்ல கேப்பாங்க. நேத்திலேர்ந்து எதையும் வெட்டலைங்கறீங்க. கட்டைவிரல்ல கத்திரி வளையம் அழுத்தின தடம் இன்னும் சிவப்பா இருக்கு. அந்தக் கைக்கு வேற கத்திரி கிடையாது."

"அப்போ அக்காவேதான் ஒளிச்சு வச்சாங்களா?" 'அவசரம்' கத்தியேவிட்டார்.

"அது சின்ன விஷயம். ஒளிச்சு வச்சதை எதுக்கு வெளியே எடுத்தாங்க? சட்டையில நீலக் கம்பளிப் பஞ்சு. தங்கச்சி, நீங்க போற ஊர் எப்படி?"

"பயங்கரக் குளிர்னு…" தங்கை பாதியிலேயே நிறுத்தினாள். எட்டி அக்காவின் பையை இழுத்தாள். அக்கா தடுக்கவில்லை.

உள்ளே கத்திரிக்கோல். அதன் அடியில் நீலக் கம்பளிக் கோட்டு ஒன்று. தங்கையின் அளவு. ஒரு கை இன்னும் தைக்கப்படாமல் ஊசியோடு தொங்கியது.

"திருடின்னு சொல்லிட்டு, ராத்திரியெல்லாம் எனக்கா தச்சே?" தங்கை கோட்டை வெளியே எடுத்தாள்.

"உங்களுக்குத் தொலைஞ்சது கத்திரிக்கோல் இல்லம்மா," என்றார் அம்மையார். "விசாரணை முடிஞ்சது. தங்கச்சியை நிறுத்தி வைக்க என்னால முடியாது. என்கிட்ட கேக்க வந்ததை இவங்ககிட்டயே கேளுங்க."

அக்கா கோட்டைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஊசியைத் தேடி எடுத்தாள். தலை நிமிரவில்லை.

"நீ போயிட்டா, சாயங்காலமானா நான் யார்கூடடி சண்டை போடுவேன்?"