பூஜ்ய மணி நேர வகுப்பு

"ஐயோ...!"

பதினாலாம் நம்பர் லேபிலிருந்து கிளம்பிய அலறல் மூன்று மாடிகளுக்கும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி ஐந்து நிமிடம்.

வேதியியல் பேராசிரியர் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்! மூச்சில்லை! பக்கத்தில் ஒரு மாணவி. கையில் இரும்பு ஸ்டாண்டு!

பதினொன்று அடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் பாடப்பிரிவு அலுவலகத்தில் நின்றார். பின்னாலேயே ஒரு பெண் போலீஸ், அந்த மாணவியின் கையைப் பிடித்தபடி.

"இங்க கிரெடிட் அக்கா யாரு?"

மூலை மேஜையிலிருந்து அவள் எழுந்தாள்.

கிரெடிட் அக்கா என்பது ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். பல்கலைக்கழகத்தின் எண்ணூற்றுச் சொச்சம் பாடங்களையும் இது லெக்சர், இது லேப், இது சுயகல்வி என்று பிரிக்க வேண்டும். எதற்கு வாரம் எத்தனை மணி, பட்டத்துக்குச் சேர எத்தனை கிரெடிட் என்று பட்டியல் போட வேண்டும். பதினேழு வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு. தலைக்கு மேலே சுவரில் ஒரு சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துக்குள். 'பிழையில்லாப் பட்டியல்!'

"நான்தான் சார்."

"இந்தப் பொண்ணு பத்து மணிக்கு லேப் க்ளாஸ்னு சாதிக்குது. அந்தப் பாடத்துல சேர்ந்ததே இது ஒருத்திதானாம். உங்க பட்டியல் என்ன சொல்லுது?"

அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. அந்த வரி அவளுக்கு மனப்பாடம். இரண்டு மாதமாக அவள் தூக்கத்தைக் கெடுத்த வரி அது.

"சுயகல்வி சார்..."

"அப்படின்னா?"

பக்கத்து அறையிலிருந்து சூப்பிரண்டு வந்துவிட்டார். அவளுடைய மேலதிகாரி. மடிப்புக் கலையாத கோட்டு. முகத்தில் துக்கம்... அளவாக!

"நான் சொல்றேன் இன்ஸ்பெக்டர். லெக்சர்னா வாரம் ஒரு மணிக்கு ஒரு கிரெடிட். லேப்னா மூணு மணிக்கு ஒரு கிரெடிட். சுயகல்வின்னா மணிக்கணக்கே கிடையாது. பூஜ்யம்! ரூமும் கிடையாது. வீட்டுல உக்காந்து படிச்சு, கடைசில ஒரு கட்டுரை எழுதிக் குடுத்தா முடிஞ்சது."

"அப்ப இன்னிக்குப் பத்து மணிக்கு அங்க க்ளாஸே இல்ல?"

"பட்டியல்படி இல்ல."

"நான் பொய் சொல்லல சார்!" மாணவி விசும்பினாள். "வாராவாரம் மூணு மணி நேரம் லேப்தான் பண்றோம். கதவைத் திறந்தா சார் கீழ கிடந்தாரு. ஸ்டாண்டு அவர் மேல கிடந்துச்சு. தூக்கினேன்... அவ்வளவுதான்! அக்கா... நீங்க சொல்லுங்கக்கா!"

அக்காவால் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

தப்பு அவளுடையது!

லேப் என்று பதிய வேண்டிய இடத்தில், மேல் வரியை அப்படியே கீழே இழுத்துவிட்டாள். சுயகல்வி ஆகிவிட்டது. ஒரு நொடி அசதி. அதே வாரம்தான் சான்றிதழ் கொடுத்தார்கள். சும்மா வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். மைக்கைப் பிடித்து, "என் பட்டியல்ல ஒரு தப்பு காட்டுங்க, வேலையை விட்டுடறேன்" என்று வீரவசனம் வேறு!

மறுநாளே பேராசிரியர் வந்தார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

"யாருக்கும் தெரிய வேணாம்மா. திருத்தப் படிவம் கொண்டு வந்திருக்கேன். மெதுவா சரி பண்ணிடு."

ஒரு படிவத்தை வாங்கிக்கொண்டாள். அவருடைய பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

திருத்துவதற்கு சூப்பிரண்டின் ஒப்புதல் வேண்டும். அவர் முன்னால் போய் நிற்க வெட்கம். படிவத்தை ட்ராயரில் போட்டுப் பூட்டினாள். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம்! கட்டிய கணவனிடம்கூட மூச்சு விடவில்லை.

போன வாரம் இதே மாணவி கவுன்ட்டருக்கு வந்தாள்.

"அக்கா, என் பாடத்துக்கு நேரே பூஜ்யம் மணின்னு வருதே?"

"கம்ப்யூட்டர் தப்பும்மா. சரியாயிடும்."

வாயில்லாத கம்ப்யூட்டர்! அதுவும் பழியை ஏற்றுக்கொண்டது.

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். சூப்பிரண்டு மெல்ல அவள் மேஜைப் பக்கம் நகர்ந்தார்.

"பயப்படாதே. எனக்கு எல்லாம் தெரியும்."

"எ... என்ன சார்?"

"அந்தத் திருத்தப் படிவம்! வாங்கிக்கிட்டேன்னு பச்சை மையில கையெழுத்து வேற போட்டுக் குடுத்திருக்கே. உன்கிட்ட இருக்கறதை இன்னிக்கே கிழிச்சுடு. உன் மானம் போகாம நான் பாத்துக்கறேன். ஒரு தப்புக்காக இத்தனை பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணுமா?"

அவள் கண்கள் கலங்கின. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அப்படித் தோன்றியதற்காகவே அடுத்த நொடி அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலடி தள்ளி அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். நமக்கு மானம் ஒரு கேடா?

அப்போதுதான் உறைத்தது.

பச்சை மை!

அன்று நீலப் பேனா எழுதவில்லை. பச்சைப் பேனாவை எடுத்தாள். அந்தக் கையெழுத்து இருப்பது பேராசிரியரின் பிரதியில் மட்டும்!

வாயைத் திறந்தால் பதினேழு வருஷ நல்ல பேர் போச்சு. திறக்காவிட்டால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை போச்சு.

"இன்ஸ்பெக்டர் சார்!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. ட்ராயரைத் திறந்தாள். படிவத்தை மேஜைமேல் வைத்தாள்.

"தப்பு என்னோடது சார். அது லேப்தான். செவ்வாய்க்கிழமை பத்து மணி. வாரம் மூணு மணி நேரம். பேராசிரியரே எழுதிக் குடுத்திருக்காரு பாருங்க. நான்தான் ரெண்டு மாசமா... ஒளிச்சு வச்சிருந்தேன்."

ஆபீஸே வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

"பாவம், பதற்றத்துல ஏதோ..." சூப்பிரண்டு குறுக்கே பாய்ந்தார்.

"இன்னொண்ணும் சொல்லணும் சார். இந்தப் படிவத்தைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசல. பேராசிரியர் பிரதில பச்சை மையில கையெழுத்துப் போட்டேன்னு... சூப்பிரண்டு சாருக்கு எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"கோட்டைக் கழட்டுங்க சார்."

"எ... எதுக்கு?"

"புழுக்கமா இருக்கு பாருங்க. வேர்க்குதே உங்களுக்கு!"

உள்பாக்கெட்டில் மடித்த காகிதங்கள். மேலாக, திருத்தப் படிவத்தின் பிரதி. பச்சைக் கையெழுத்து. அதன் பக்கத்தில் ஒரு சொட்டு... ரத்தம்!

அடியில் இன்னொரு தாள். பேராசிரியரின் கையெழுத்தில் ஏழு சுயகல்விப் பாடங்களின் பெயர்கள். 'எதுவும் நடக்கவில்லை. ஆனால் சூப்பிரண்டின் ஒப்புதலில் கிரெடிட் கொடுக்கப்பட்டிருக்கிறது!'

இன்ஸ்பெக்டர் விசிலடித்தார். "ஏழுமே சுயகல்வி! மணியும் கிடையாது, ரூமும் கிடையாது, பாக்கறதுக்கு ஆளும் கிடையாது. வேண்டியவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு கிரெடிட்டை வாரி விட்டிருக்கீங்க. பேராசிரியர் மோப்பம் பிடிச்சுட்டாரு. சரியா சார்?"

சூப்பிரண்டு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"அடிச்சதும் அவர் மேஜைமேல இருந்ததை எல்லாம் அள்ளிக்கிட்டுப் பின்கதவால வந்தேன்... எரிக்கறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. க்ளாஸ் இல்லன்னு பட்டியல்ல போட்டிருந்துச்சு. அந்த நேரத்துல அவர் தனியாத்தான் இருப்பாருன்னு நம்பினேன்..."

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் இறங்கியது.

பட்டியலில் லேப் என்று இருந்திருந்தால் இவன் பத்து மணிக்குப் போயிருக்க மாட்டான். அந்தப் படிவம் அன்றைக்கே மேலே போயிருந்தால்... யாருக்கும் தெரிய வேண்டாம்மா என்று சொன்ன மனிதர் இன்றைக்கும் இருந்திருப்பாரோ என்னவோ!

நாற்காலியின் மேல் ஏறினாள். சான்றிதழைக் கழற்றி, மேஜைமேல் குப்புறக் கவிழ்த்தாள். யாரும் தடுக்கவில்லை.

மாணவி வாசல்வரை போனவள் நின்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

"கம்ப்யூட்டர் தப்புன்னு சொன்னீங்களேக்கா..."

"இல்லம்மா. என் தப்பு."

ரெண்டே வார்த்தை. இதைச் சொல்ல இரண்டு மாதம்!

விலங்கு மாட்டிய கைகளோடு சூப்பிரண்டு முனகினார். "இன்ஸ்பெக்டர்... இனிமே என் கதி?"

இன்ஸ்பெக்டர் அவர் தோளில் தட்டினார்.

"இனிமே உங்களுக்கும் சுயகல்விதான் சார். கவலைப்படாதீங்க... ரூம் நாங்களே குடுத்துடறோம்!"