துவைட்டின் தோலுறை

செல்போன், லைட்டர் எல்லாவற்றையும் காரிலேயே போட்டுவிட்டு, நடீனும் அவள் கணவன் ராய்ஸும் மருந்துக் கொட்டகைக்கு நடந்தார்கள். கென்டக்கி மலைச்சரிவில் அக்டோபர் வெயில் இதமாக இருந்தது. விழாக்களில் பழங்காலப் பீரங்கியைச் சுட்டுக் காட்டும் அவர்கள் குழுவின் வெடிமருந்து வருடம் முழுக்க அங்கேதான், வீடுகளுக்கு எட்டாத தூரத்தில், மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும்.

கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. சுட்ட மருந்தின் நாற்றம். இங்கே யாரும் சுட்டு ஒரு வருடம் ஆகிறது.

"என் கட்டைவிரல் தோலுறைய வீட்டுலயே விட்டுட்டேன்யா," என்றாள் நடீன்.

"தலைய மட்டும் மறக்காம கொண்டாந்தியே, அதுவரைக்கும் சந்தோஷம்."

சுவரின் மரமுளையில் பழைய தோலுறை ஒன்று தொங்கியது. நடீன் அதைக் கட்டைவிரலில் மாட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"அது துவைட்டோடது. கழட்டு," ராய்ஸின் குரல் இறங்கியது.

"செத்தவன் வந்து திருப்பிக் கேக்கப் போறானா?"

பீரங்கிக் குழாயில் மருந்தைக் கோலால் இடிக்கும்போது, பின்பக்கத் துளையை ஒருவர் கட்டைவிரலால் அடைத்தே இருக்க வேண்டும். காற்று புகுந்தால், முந்தைய வெடியில் உள்ளே மிஞ்சிய பொறி கண் விழித்துவிடும். போன வருடம் சூடு பொறுக்காமல் துவைட் விரலை எடுத்தான். இடித்துக்கொண்டிருந்த ஆர்வில் நின்ற இடத்திலேயே போனான். யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள் என்று புலம்பிப் புலம்பியே, அந்தக் குளிர்காலத்தில் துவைட்டும் போய்ச் சேர்ந்தான்.

அன்று துளையை அடைப்பது நடீன்; அந்த உறையை அவள் கழற்றவில்லை. திடலில் முதல் வெடி ஒழுங்காகப் போனது. ராய்ஸ் ஈரத்துணி சுற்றிய கோலால் குழாயை நன்றாகத் துடைத்தான். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பெட்டியைக் காக்கும் தபால்காரன் வேட், ஒரு மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உடனே மூடியைச் சாத்தினான். ராய்ஸ் இடிகோலை எடுத்தான். அவன் கைகள் குழாயின் வாய்க்கு நேராக இருந்தன.

துளைக்குள் ஏதோ மூச்சு விட்டது.

சுட்டது.

உறைக்குள் விரல் வெந்தது. காதோரம் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"எடுத்துடு கண்ணு. யாரா இருந்தாலும் எடுப்பாங்க."

பின்னால் யாருமில்லை.

எடுத்தால் ராய்ஸ் இல்லை. நடீன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். கண்ணீர் கொட்டியது. அவன் கோலை உருவி விலகும்வரை அழுத்தினாள்.

உறையை உரித்துப் பார்த்தார்கள். உறையின் தோலில் ஒரு கருகல்கூட இல்லை. உள்ளே விரல் கரிக்கட்டையாக இருந்தது.

அந்த உறையை நடீனே வீட்டு அடுப்பில் போட்டு, சாம்பலாகும்வரை பக்கத்தில் நின்றாள்.

வசந்தத்தில் குழு மறுபடி கூடியது. நடீனுக்கு இப்போது பாதிக் கட்டைவிரல்தான். துளையைக் காக்கும் வேலை வேட்டிடம் போயிருந்தது. அவனுக்கென்று அவளே புது உறை தைத்துக் கொடுத்திருந்தாள். ராய்ஸ் இடிக்க ஆரம்பித்தான். பார்க்கப் பயந்து, அவள் வேட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் முகம் சுளித்தது.

"என்ன வேட்?"

"ஒண்ணுமில்ல... இந்த உறை ஏன் இப்படிச் சுடுது?"

"நான் தைச்சதா?"

"அத வீட்டுல மறந்துட்டேன் நடீன். இது கொட்டகையில, மரமுளையில தொங்குச்சு. உன்னோடதுன்னு நெனச்சேன்."

"விரல எடுத்துடாதே! வேட்!"

அவனுக்குக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து, பக்கத்தில் யாரோ சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு, சரி என்று தலையாட்டினான்.