பக்கத்துக் கட்டத்தில் அவன் பெயர்

கண்ணாடிக் கூண்டுக்குள் அவன் பாதித் தரையைக் கழுவியிருந்தான். துடைப்பத்தின் நுனியில் ஏதோ அசைந்தது. தண்ணீர்க் குழாய் என்று நினைத்தான். குழாய் எழுந்து நின்று அவன் முகத்தைப் பார்த்தது...

உயிரியல் பூங்காவின் பாம்பு வீட்டில் அவனுக்கு அதுதான் முதல் நாள். அந்தக் கூண்டு நாகத்துக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. முதல் சாப்பாடு அதற்குத்தான். அப்படியும் எல்லோரையும் பார்த்துச் சீறும். அவன் மூச்சு விடவில்லை. பின்பக்கமாகவே நகர்ந்து, வெளியே வந்து, தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் கத்தினான். அந்தக் கத்தலில் எதிர்க் கூண்டு ஆமை ஓடியது. ஆமை ஓடுமா என்று கேட்க வேண்டாம். ஓடியது.

அடுத்த நிமிடம் கொட்டும் மழையில் நனைந்தபடி அலுவலக வாசலில் நின்றான். கையில் அன்றைய வேலைத் தாள்.

"இதை டைப் பண்ணது யாரு?"

கணினிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. பெரிய கண்கள்... அன்று காலை அவனை நேருக்கு நேர் பார்த்த இரண்டாவது ஜோடி. முதல் ஜோடியைவிட இது ஆபத்து என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

"நான்தான். ஏன்?"

"'உள்ளே போய்த் தரையைக் கழுவவும்'னு போட்டிருக்கு. போனேன். உள்ள மாப்பிள்ளை இருந்தார்."

"'பாம்பைப் பின்னறையில் அடைத்துத் தாழிட்ட பிறகு'ன்னும் எழுதியிருக்கேனே!"

"எங்க?"

"கட்டத்துல கிளிக் பண்ணிப் பாத்தா முழுசா தெரியும்."

"மேடம், இது காகிதம். எத்தனை தடவை கிளிக் பண்றது?" ஈர விரலால் தாளைக் குத்திக் காட்டினான். தாள் கிழிந்தது. விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் அவளுடைய கோபம் எங்கோ போய்விட்டது. திரையைத் திருப்பி எக்செல் அட்டவணையைப் பார்த்தாள். ஆறு மாதமாக அந்தக் கூண்டுக்கு ஆள் இல்லை. பொறுப்பாளர் கட்டம் காலி. வேலை வாக்கியம் காலியான அந்தப் பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது, தாளிலும் முழுசாக வந்தது. நேற்று மாலை அந்தக் காலிக் கட்டத்தில் இவன் பெயரை அடித்தாள். முகம் தெரியாத ஒருவனின் நாலெழுத்துப் பெயர். அவன் உயிரைக் காக்க வேண்டிய பாதி வாக்கியம், அவன் பெயருக்குப் பின்னாலேயே மறைந்துபோயிருந்தது.

"நான்... உங்களைக் கொன்னிருப்பேன்," என்றாள்.

"பரவாயில்லை... மொத நாள்தானே," என்றான் அவன். தைரியமாகச் சொன்னதாக அவனுக்கு நினைப்பு.

சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் வந்தார். அவளுக்கு வீட்டில் அப்பா, இங்கே சார். நடந்ததைக் கேட்டவர், அவனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சுலபம்மா. அந்தப் பேரை எடுத்துடு. வாக்கியம் முழுசா தெரியும்."

"பேரை எடுத்தா அவர் வேலை, சார்?"

"இத்தனை நாள் மாதிரி மத்தவங்க மாத்தி மாத்திப் பாத்துக்கட்டும். இன்னிக்கு ஓடினவன் நாளைக்கு நிப்பானா?"

"எழுத்தை மடிச்சு நாலு வரியாக்கிடறேன்."

"ரெண்டாவது பக்கம் போகும்."

அது நடக்காது. ஒரு முறை இரண்டாவது பக்கம் போட்டதில், அதை யாரும் திருப்பிப் பார்க்காமல் கரடி இரண்டு நாள் பட்டினி கிடந்தது. மூன்றாம் நாள் அது அலுவலகத்துக்கே நடந்து வந்து சாப்பாடு கேட்டது. அன்று முதல் அவருக்கு ஒரே பக்கம்தான் கொள்கை.

"சாயங்காலத்துக்குள்ள ஒரே பக்கம், முழு வாக்கியம். முடியலைன்னா பேர் வெளியே."

கதவு மெல்லிய கதவு. பெஞ்சில் இருந்தவனுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

அவள் கட்டத்தை அகலமாக்கினாள். கடைசி நெடுவரிசை தாளை விட்டு விழுந்தது. எழுத்தைச் சிறிதாக்கினாள், எறும்புக்கு அச்சடித்த மாதிரி இருந்தது. மணி நாலு. ஜன்னலுக்கு வெளியே மழை... மழைக்கு இந்தப்புறம், சொட்டும் சட்டையோடு அவன். 'இந்தப் பேரை நான்தானே அடிச்சேன்... நானே அழிக்கணுமா?'

பெயரைத் தொட்டாள். அழிக்கவில்லை. பெயர் இருந்த நெடுவரிசையையே வெட்டி, வேலை நெடுவரிசைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். தாளைப் படுக்கை வாக்கில் திருப்பினாள். வாக்கியத்துக்கு வலப்பக்கம் இப்போது யாருமே இல்லை. அது ஆசை தீர நீண்டு, 'தாழிட்ட பிறகு' என்று முடிந்து, அப்புறமும் இரண்டு விரல் இடம் விட்டது. ஒரே பக்கம்.

அப்பா தாளை இரண்டு முறை பார்த்தார். "ம்," என்றார்.

மூன்று வாரம். தினமும் காலையில் அவன் தாளை அவள் கையால் வாங்கி, அவள் முன்னாலேயே முழுசாகப் படிப்பான்.

"யானைக்கு என்ன சாப்பாடுன்னு உங்களுக்கு எதுக்கு?"

"பாதியில நிறுத்தினா எனக்கு ஆகாதுங்க... அனுபவம்."

சிரிப்பாள். அவன் போன பிறகு சிரிப்பு நிலைக்காது, பயம்தான் வரும். கழுவி முடித்துப் பத்து மணிக்குப் பாம்பு வீட்டு வாசலில் அவனுடைய நீலச் சட்டை தெரியும்வரை, அவள் ஒரு கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பியதில்லை.

ஒருநாள் காலை, ஊழியர்கள் பொதுக் கணினியில் குறிப்பு எழுதும் அட்டவணையைத் திறந்தாள். அவன் வரிசையில்...

'இந்த வேலையை விட்டுப் போய்விடலாம் என்று முடிவு'

அடுத்த கட்டத்தில் கூண்டின் வெப்பநிலை. அதோடு முடிந்தது.

கிளிக் செய்யக் கை போகவில்லை. ஊருக்கே கிளிக் பண்ணச் சொன்ன கை. குடையை எடுக்கவும் தோன்றாமல் மழையில் ஓடினாள்.

அவன் கூண்டுக்குள் தரை கழுவிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் தட்டினாள்.

"தாழ் போட்டீங்களா?"

அவன் பின்னறைச் சாவியைத் தூக்கிக் காட்டினான். பிறகு வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனான்.

"என்னங்க ஆச்சு?"

"போறீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

"கிளிக் பண்ணிப் பாக்கலையா?"

"பயமா இருந்துச்சு..." கண்ணில் இருந்தது மழையில்லை. "உங்க பேரை அழிக்கக் கூடாதுன்னு அன்னிக்கே எனக்கு ஏன் தோணுச்சுன்னு தெரியல. இப்ப தெரியுது. போகாதீங்க."

அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். அது விழுந்தது. எடுக்கவில்லை.

"அது மொத நாள் மழையில ஓடி வந்தப்போ எடுத்த முடிவுங்க. உங்க மேசை வரைக்கும்தான் தாங்குச்சு. அப்படித்தான் எழுதியிருந்தேன்..."

"அவ்வளவுதானா?"

"ஒரு கட்டம் முப்பத்தி ரெண்டாயிரத்து எழுநூத்தி அறுபத்தேழு எழுத்துதான் தாங்குமாமே?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வாரமா போன்ல எழுதி வெச்சதை இன்னிக்குக் கொண்டுபோய் ஒட்டினேன். பாதியில முட்டிக்கிச்சு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "அப்பா அதைப் படிச்சா?"

"மாப்பிள்ளைகூடப் பழகிட்டாருங்க. உங்க அப்பாவை நெனைச்சாத்தான் கை நடுங்குது." நிஜமாகவே நடுங்கியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீதி எங்க?"

"கட்டத்துல இடம் இல்லீங்க..." அவன் அவள் கண்களைப் பார்த்தான். "பக்கத்துல இருந்து சொல்லட்டுமா?"